கை மாறிய ரோஜா

கத்தரி முனை மூன்றாவது ரோஜாவின் அடியில் நுழைந்தது. நறுக். சிவப்புப் பட்டு நூல் சுருள் சுருளாக அவிழ்ந்து ஜாக்கெட் கையில் தொங்கியது.

கிறிஸ்டி குறுக்கே கையை நீட்டித் தடுக்கப் பார்த்தாள். ராஜராஜேஸ்வரி டீச்சர் அந்தக் கையைத் தட்டிவிட்டு நான்காவது ரோஜாவுக்குப் போனார்.

"கல்யாணப் பொண்ணு போடுத ஜாக்கெட்டுட்டி இது. பீச்சாங்கையால குத்தி வச்சிருக்க. உலகம்மாள் அக்காவுக்குத் தெரிஞ்சா என் பொழப்பு என்னாகும்?"

வண்ணார்பேட்டையில் ஒரு துணிக்கடையின் மாடியில் நடக்கும் தையல் வகுப்பு அது. சுற்றியிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான்காவதும் போயிற்று. பையை எடுத்துக்கொண்டு ஊரைப் பார்த்துப் போகும்படி டீச்சர் வாசலைக் காட்டினார்.

ஊர் என்றால் உவரி. அங்கே இறால் கம்பெனியில் விரல் விறைக்க ஓடு உரித்துக்கொண்டிருந்தவள் கிறிஸ்டி. அதை விட்டுவிட்டு, பாளையங்கோட்டையில் சித்தி வீட்டில் தங்கித் தையல் கற்றாள். புல்லியன் ரோஜா சரியாக வருகிறவர்களுக்குக் கல்யாண ஜாக்கெட் வேலை இங்கேயே உண்டு என்று டீச்சர் சொல்லியிருந்தார். வராதவள் திரும்பிப்போய் ஓடு உரிக்க வேண்டியதுதான்.

லேசான தையல் இல்லை அது. ஊசியைத் துணியில் பாதி குத்தி நிறுத்தி, முனையில் நூலை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். சுற்றைப் பெருவிரலால் அமுக்கிக்கொண்டு ஊசியைப் பைய உருவ வேண்டும். குலையாமல் வந்தால் துணிமேல் குண்டுப் புழுபோலப் படுத்துக்கொள்ளும். புழுக்களை வளைத்து வளைத்து அடுக்கினால், தடவினால் விரலில் முட்டும் ரோஜா. வலது கையில் பிடித்தால் கிறிஸ்டிக்கு எல்லாம் பாதி வழியில் பிரிந்துகொள்ளும்.

டீச்சர் யாருக்கும் நேரில் தைத்துக் காட்டியதில்லை. கேட்டால், யூடியூப்பில் தான் போட்டிருக்கும் வீடியோவைப் பார்க்கச் சொல்வார். ஊரே பார்த்த வீடியோ. அதில் ஊசி வலது கையில் இருக்கும். கிறிஸ்டி ஒரு வேலை செய்தாள். சித்தி வீட்டுப் பீரோக் கண்ணாடிக்கு எதிரே போனைப் பிடித்து, கண்ணாடிக்குள் தெரிந்த கையைப் பார்த்துப் பழகினாள். அங்கே வலது இடதாகிவிடும் அல்லவா? ரோஜா வந்துவிட்டது. வகுப்பிலேயே ஆகப் புடைப்பான ரோஜா.

இன்று காலைகூட அதைத் தடவிப் பார்த்து டீச்சர் மெச்சினார். எந்தக் கை தைத்தது என்று கண்ணால் பார்க்கும்வரை அது நல்ல ரோஜா. பார்த்த பிறகு தீட்டு. என்ன நியாயம் இது?

கிறிஸ்டி படிக்கட்டில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. கொதித்தது. பின்னாலேயே வந்த மேலப்பாளையத்து அர்வா அவள் தோளைத் தொட்டாள்.

"விடுட்டி. சோத்தாங்கையால தச்சா மட்டும் அந்த ரோசா மணக்கவா போவுது?"

கிறிஸ்டி சிரிக்கவில்லை. கல்யாணப் பெண்ணின் அம்மா உலகம்மாள், வளையல் குலுங்க இருவரையும் தாண்டி மேலே ஏறிப் போனார். கிறிஸ்டி போனை எடுத்தாள். டீச்சர் போட்ட ரோஜாவில் தன்னுடையதில் இல்லாத எது இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். கண்ணாடி இல்லாமல், முதல் தடவையாக, வீடியோவைக் கடைசிவரை நேராகப் பார்த்தாள். ரோஜா முடிந்தது. அதுவரை கைகள் மட்டும் தெரிந்த வீடியோவுக்குள், கையில் ஊசியோடு போனை அணைக்க டீச்சர் முழுசாகக் குனிந்தார்.

அந்த நொடியில் விரல் வைத்து நிறுத்தினாள். திரும்ப ஓட்டி, திரும்ப நிறுத்தினாள். பிறகு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

மேலே உலகம்மாள் மொட்டையாகக் கிடந்த ஜாக்கெட் கையைப் பார்த்துக் காரணம் கேட்டு, ஒரு இடது கைக்காரி கெடுத்துவிட்டாள் என்ற பதிலும் வாங்கியிருந்தார். அப்படியானால் அந்தத் தோஷம் கழிய டீச்சரே தன் ராசியான கையால், கண்முன்னால் ஒரு ரோஜா போட்டுத் தர வேண்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தலைவலி, சாயங்காலம் பார்க்கலாம் என்ற சாக்குகள் செல்லவில்லை.

டீச்சர் வலது கையில் ஊசியைப் பிடித்தார். நூலைச் சுற்றி உருவினார். பாதியில் பிரிந்தது. மறுபடி சுற்றினார். மறுபடியும் பிரிந்தது. நெற்றியில் வியர்வை. நிமிர்ந்தவர் வாசலில் கிறிஸ்டியைக் கண்டார்.

"உன்னைப் போகச் சொன்னேம்லா?"

"போக மாட்டேன். நல்ல தையலை வெட்டிப் போட்டுட்டு என்னைய எறா உரிக்கப் போகச் சொல்லுதீய. எனக்கு இங்கதான் வேலை வேணும். இந்தக் கையாலதான் செய்வேன்."

சொல்லிக்கொண்டே போய், போனை உலகம்மாளின் மடியில் வைத்தாள். டீச்சர் அதைப் பறிக்கக் கை நீட்டினார். உலகம்மாள் விடவில்லை. திரையைப் பார்த்தார். எதிரே நின்ற டீச்சரைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"இது என்ன ராஜி, வடக்கத்திக்காரி மாதிரி முந்தானைய வலது தோள்ல போட்டிருக்க?"

டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். கிறிஸ்டி பதில் சொன்னாள்.

"முந்தானை எப்பவும்போல இடது தோள்லதான் கிடக்கு. வீடியோவைத்தான் இடவலமா திருப்பிப் போட்டிருக்காவ. அதுல ஊசி பிடிச்சிருக்கது டீச்சரோட பீச்சாங்கை."