ஒட்டுக்குக் கீழே துளிர்த்தது

சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஒரு கம்பெனி பல்லுயிர்ப் பூங்கா அமைத்தது. இடம் வேண்டுமே என்று, அங்கே தானாக முளைத்திருந்த சூரை, காரை, பாலை மரம் எல்லாவற்றையும் முதலில் ஜேசிபி விட்டு வழித்தது. பிறகு கயிறு பிடித்து நானூறு சப்போட்டா ஒட்டுக்கன்றுகளை நட்டது. நானூறும் ஒரே தாய்மரத்தின் கிளைகள். பலகையில் பல்லுயிர், மண்ணில் ஓருயிர்.

ஒட்டுக் கட்டியவள் படப்பை நர்சரியில் வேலை பார்த்த கனகம். தண்ணீர் ஊற்றும் வேலை அவள் புருஷன் தணிகாசலத்துக்குக் கிடைத்தது. கன்றுகள் வந்திறங்கிய வாரம் கனகம் காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அவள் கடைசியாகக் கைவைத்த கன்று எது என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு ஒட்டைச் சுற்றிக் கட்டும் நாடா தீர்ந்துபோய்ப் புடவை ஓரத்தைக் கிழித்துக் கட்டியிருந்தாள்.

ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் கிள்ளிவிட வேண்டும் என்பது உத்தரவு. ஏன் என்று சூப்பர்வைசர் சொல்லவில்லை; அவருக்கும் தெரியாது. கனகத்திடம் அவள் வேலையைப் பற்றித் தணிகாசலம் ஒருநாளும் கேட்டதில்லை. மற்றவற்றில் தவறாமல் கிள்ளினார். அந்த ஒன்றில் மட்டும் கை போகவில்லை. எது வந்தாலும் அவள் கொடுத்தது என்று விட்டுவிட்டார். இரண்டு வருஷம்.

விருதுக் குழு வரப்போகிறது என்று, பட்டுப்போன இடங்களில் வைக்கப் புதுக்கன்றுகள் வந்தன. கொண்டுவந்தவள் கனகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுக் கட்டிய சூசையம்மாள். புடவைத் துணி கட்டிய அந்தச் செடி முன்னால் குத்தவைத்தாள்.

"இன்னாண்ணா இது, சப்போட்டா எங்க?"

"நல்லாத்தானே கீது. இடுப்பு ஒசரம் வந்துகீது."

"எலையப் பாரு, நுனி வெட்டுனாப்ல கீது. இது காட்டுப் பாலை. வேருக்காக வச்சது, மேல இருந்தத சாப்ட்டுடுச்சு. அக்கா கட்டுனது தோ, இந்தக் குச்சி."

தணிகாசலம் குச்சியைத் தொட்டார். கையோடு வந்தது.

"மறுபடி கட்ட முடியாதா, சூசை?"

"செத்ததுல எப்டிண்ணா கட்றது. எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல."

"பண்ணியிருந்தா கிள்ளச் சொல்லியிருப்ப."

அவள் பக்கத்துக் கன்றின் ஒட்டைத் தொட்டுக் காட்டினாள். "மேல கீறது நானூறும் ஒரே ரகம்ணா. கீழ கீற பாலைதான் ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. அதுங்க மொளைச்ச கொட்டைய நானும் அக்காவும் இங்கதான் பொறுக்கினோம், ஜேசிபி வர்றதுக்கு முந்தி. இந்தச் செடிய விட்றாத."

மேனேஜர் பிரவீன் கையில் பட்டியலோடு வந்தான்.

"இது லிஸ்ட்ல இல்லியே. காட்டுச் செடியா?"

"இருக்கட்டும் சார். ஓரமாத்தானே கீது."

"பல்லுயிர்ப் பூங்காவுல கண்டதும் வளரக்கூடாதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துடுங்க."

வேறிடத்தில் நட்டால் என்ன என்று தணிகாசலம் சூசையம்மாளைப் பார்த்தார். ஆணிவேர் அறுந்தால் பாலை பிழைக்காது என்றாள்.

வேறு யாரையும் கைவைக்க விடாமல் அவரே தோண்டினார். வேர் முழுதாக வரவில்லை; கடப்பாரையால் வெட்டினார். குழியில் புதுக்கன்று வைத்தார்கள். பூங்காவுக்கு விருது கிடைத்தது.

ஒரு மாதம் மழை. தோண்டிய தடம் ஆறி, எல்லா இடமும் ஒன்றுபோல் ஆயிற்று. இரண்டு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டே போய் நிற்கத் தெரிந்த இடத்தை, இப்போது வரிசையில் கன்றுகளை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பதினேழாவதா, பதினெட்டாவதா என்று நிச்சயமில்லை. இரண்டுக்கும் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினார்.