திரும்ப ஓட்டிக்கொள்ளலாம்

1

இந்தக் கதை என் தம்பி மனைவியிடமிருந்து வந்தது. அவள் சொல்லும்போதே எழுதப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். “எழுதுங்க அண்ணி. ஆனா அழகா எழுதிடாதீங்க” என்றாள்.

அதனால் முதல் வரியை அடித்துவிட்டேன்: ‘திரையில் புள்ளிகள் விண்மீன்களைப் போல’... வேண்டாம்.

2

அவள் ஓர் ஆய்வுக்கூடத்தில், கணினிக்குள் சின்ன உலகம் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தாள். சில விதிகள், சில தொடக்க எண்கள், கட்டங்களில் நகரும் புள்ளிகள். அதன் ஆழத்தை அளப்பது அவள் வேலை.

(ஆழம் என்றால், ஒன்றை உண்டாக்க இருப்பதிலேயே சுருக்கமான கணினிக் கட்டளை எவ்வளவு காலம் ஓட வேண்டும் என்பது. கொட்டிக் கிடக்கும் மணலுக்கு ஆழம் இல்லை. வரிசையாக அடுக்கிய செங்கல்லுக்கும் இல்லை. எறும்புப் புற்றுக்கு உண்டு. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.)

நெடுநாள் அளவு அசையவே இல்லை. மூன்றாம் ஆண்டு ஏறத் தொடங்கியது. புள்ளிகள் கூடிச் சுவர் எழுப்பின. இடிந்தால் அவையே பூசின. சோறு தண்ணீர் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

3

அப்போதுதான் இயந்திரங்கள் வேறு வேலைக்கு வேண்டும் என்று இயக்குநர் நிறுத்தச் சொன்னார். அன்றைய நிலையைச் சேமிக்க இடம் கேட்டாள், கிடைக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. ஆறுதலாகத்தான் சொன்னார்: “தொடக்க எண்கள் பத்திரமா இருக்கேம்மா. வேணும்னா திரும்ப ஓட்டிக்கலாம்.”

முந்தைய வருடம் அவளுடைய நாலு வயது மகள் காய்ச்சலில் போனபோது என் அம்மாவும் ஏறக்குறைய இதையேதான் சொன்னாள். வயசிருக்கிறது, இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்று.

(இந்தப் பத்தி கதைக்கு ரொம்ப வாகாகப் பொருந்துகிறதே என்று எடுத்துவிட்டேன். வரைவைப் படித்தவள் திரும்பச் சேர்க்கச் சொன்னாள். “அது இல்லன்னா நான் ஏன் அங்க உக்காந்து அழுதேன்னு யாருக்குத் தெரியும்?”)

4

யாருக்கும் தெரியாமல் நகலெடுத்து... பொய். வேலையை உதறிவிட்டு... அதுவும் பொய்.

அவளே நிறுத்தினாள், வேறு கை படக் கூடாது என்று. புள்ளிகள் அப்போது ஒரு மூலையைப் பூசிக்கொண்டிருந்தன.

5

பிறகு வீட்டிலிருந்த பழைய கணினியை மகளின் அறையில் வைத்து, அதே எண்களைப் போட்டு ஓட்டிவிட்டாள். அந்த வேகத்தில் விட்ட இடத்துக்கு வர அவள் ஆயுள் போதாது. அது அவளுக்கே தெரியும். தெரிந்தும் தினமும் கதவைச் சாத்திக்கொண்டு அதன் முன் உட்கார்கிறாள்.

நேற்று தம்பி தொலைபேசியில் கேட்டான்: “அக்கா, அந்த ஒயரப் புடுங்கிப் போட்டுடட்டுமா? இல்ல, நானும் போய் அவ பக்கத்துல உக்காரட்டுமா?”

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். எதுவும் ஒரு வரிக்கு மேல் போகவில்லை. எனக்கு ஒரு வரி. அதற்குப் பின்னால் ஓட வேண்டிய வருடங்கள் எல்லாம் அவர்கள் இருவருக்கும். அவனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.