தெனாங் கப்பலின் வடை

யுத்தக் காலத்தில் நாங்கள் வேலை பார்த்த கப்பலின் பெயர் தெனாங். மலாய் மொழியில் அமைதி என்று பொருள். அந்தக் கப்பலில் இல்லாதது அது ஒன்றுதான். பழைய சரக்குக் கப்பலைக் கடற்படை எடுத்துக்கொண்டு, முன்பக்கம் ஒரு பீரங்கியைப் பொருத்தி, மலாக்கா நீரிணையில் காவல் சுற்ற விட்டிருந்தது. நான் இயந்திர அறையில் எண்ணெய் விடுகிறவன். வேலு அடுப்புக்குக் கரி தள்ளுகிறவன். காளியப்பன் மேல்தட்டில் கயிறு பிடிக்கும் கலாசி. தங்கராஜு பண்டாரி, கப்பலில் சமையல்காரனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

யுத்தம் முடிந்து பத்தாவது வருஷம், பத்து பாகாட் என்ற ஊரின் ஆற்றங்கரையில் தங்கராஜு சாப்பாட்டுக் கடை திறந்தான். எங்கள் மூவரையும் வரச் சொல்லியிருந்தான். காளியப்பனுக்கு அங்கே வேறொரு வேலையும் இருந்தது.

தெனாங்கில் ஏறிய முதல் வருஷமே ஒரு புயலில் சுக்கான் சங்கிலி அறுந்துபோனது. திருப்ப வழியில்லாமல் கப்பல் அலைக்கு விலாவைக் கொடுத்துக்கொண்டு கிடந்தது. அன்றைக்குத்தான் காளியப்பன் முருகனிடம் நேர்ந்துகொண்டான்: இந்தக் கப்பலை விட்டு இறங்கும்வரை மாமிசம் தொடுவதில்லை, உயிரோடு இறங்கினால் பத்து வருஷம் காவடி. மீதி யுத்தம் முழுவதும் அவன் கருவாட்டு வாசனைக்குக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டதை நாங்கள் பார்த்திருக்கிறோம். இறங்கியபின் ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனான், பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. அங்குள்ள கோயிலில் வருஷம் தவறாமல் காவடி எடுத்தான். வரும் தைப்பூசம் பத்தாவது. அன்றைக்கு அன்னதானச் சமையலைத் தங்கராஜுவிடம் ஒப்படைக்கத்தான் வந்திருந்தான்.

தங்கராஜு எங்களுக்கு வாழை இலையில் வடை வைத்தான். வேலு ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டான்.

"நல்லாத்தான் இருக்கு பண்டாரி. ஆனா தெனாங் வடை மாதிரி வரலயேடா. அதுல ஒரு மொறுமொறுப்பு இருக்கும் பாரு!"

"அது எப்படிடா வரும்?" என்று சிரித்தான் தங்கராஜு. "அதுக்கு எண்ணெய் வேற."

"என்ன எண்ணெய்?"

"காளியக் கேளு. அவன் தகரத்துலேர்ந்து எடுத்ததுதானே."

காளியப்பன் நிமிர்ந்து பார்த்தான். "என் தகரமா? எந்தத் தகரம்?"

எனக்குப் புரிந்துவிட்டது. காளியப்பனின் பொறுப்பில் இருந்தது ஒரே ஒரு தகரம்தான். அது எதற்கு என்று சொன்னால்தான் உங்களுக்கும் விளங்கும்.

விளக்கேற்றாமல் இருட்டில் போகிற கப்பல், தான் எங்கே இருக்கிறது என்பதைக் கடலின் அடியைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். நீண்ட கயிற்றின் நுனியில் ஓர் ஈயக்குண்டு. கயிற்றிலுள்ள அடையாளங்கள் ஆழத்தைச் சொல்லும். ஆனால் ஆழம் மட்டும் போதாது. ஒரே ஆழம் பத்து இடத்தில் இருக்கும். அதனால் குண்டின் அடியில் ஒரு குழி வைத்திருப்பார்கள். அந்தக் குழியில் மாட்டுக் கொழுப்பை அப்பி இறக்கினால், தரையில் இருப்பது அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். மணலா, சேறா, உடைந்த சிப்பியா என்று பார்த்துக் கடல் வரைபடத்தோடு ஒப்பிட்டால் இடம் தெரிந்துவிடும். ஒன்றும் ஒட்டாமல் வந்தால் கீழே பாறை. இத்தனை எளிய ஏற்பாடு இத்தனை நன்றாக வேலை செய்வதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும்.

காளியப்பனுக்கு அது நரகம். குச்சியால்தான் கொழுப்பை எடுப்பான். வேலை முடிந்ததும் சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவான். பொருளை வீணாக்காதே என்று மேலதிகாரி உத்தரவு. அதனால் ஒருமுறை இறக்கிய கொழுப்பையும் சுரண்டித் திரும்பத் தகரத்திலேயே போடுவான்.

வேலு மெல்லுவதை நிறுத்தினான்.

"டேய், அந்த வடையில மணல் நறநறங்குமே... பருப்பு சரியாக் கழுவலன்னு உன்னத் திட்டுவேனே..."

"கடல் மணல்டா. சுத்தமான மணல்!" தங்கராஜு தொடையைத் தட்டிச் சிரித்தான். "சாமான்ல வர்ற நல்லெண்ணெயெல்லாம் சிங்கப்பூர்ல இறக்கினா நல்ல விலை. அப்புறம் நான் எதுல சுடுறது?"

"அலமாக்!" என்று மலாயில் ஐயோ போட்ட வேலுவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கு வரவில்லை. வடை ஆறினால் தட்டில் வெள்ளையாக ஒரு படலம் உறையும். தேங்காயெண்ணெய் என்று நினைத்திருந்தேன். தேங்காயெண்ணெய் குளிரில்தான் உறையும். நீரிணையின் வெக்கையில் அது தண்ணீராகத்தான் நிற்கும். அந்தச் சூட்டிலும் கட்டியாக நிற்பது கொழுப்பு. எத்தனை டீ குடித்தாலும் மேலண்ணத்தை விட்டுப் போகாத அந்த மெழுகுப் பிசுக்கு இப்போது என் வாய்க்குள் மறுபடி ஊறியது. மாட்டுக் கொழுப்பு, சிப்பித்தூள், கடலடிச் சேறு எல்லாம் சேர்ந்த பிசுக்கு.

காளியப்பன் எழுந்து ஆற்றோரம் போய் வாந்தி எடுத்தான். நான் பின்னாலேயே போய் முதுகைத் தடவினேன். வெறும் பித்தநீர்தான் வந்தது. விரதத்தில் இருந்தவன், இலையில் கையே வைத்திருக்கவில்லை.

"பத்து வருஷம் முன்னாடி தின்னதுடா மணியம்," என்றான். "இப்ப வெளிய வருமா?"

இரைப்பை எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டு, வாய் கொப்பளிக்க ஆற்றுத் தண்ணீரை அள்ளிக் கொடுத்தேன்.

திரும்பி வந்ததும் காளியப்பன் கேட்டான்: "வெள்ளிக்கிழமைல எனக்குன்னு தனியாத் தட்டு வைப்பியே பண்டாரி? சாமிக்கு நேந்தவனுக்குத் தனியாச் சுட்டதுன்னு சொல்லிக் கொடுப்பியே. அது?"

"அதுவும் அதே சட்டிதான். ரெண்டு சட்டிக்கு எங்க போறது? தெரியாமத் தின்னா பாவமில்லடா, விடு."

"நீ தின்னியா?"

தங்கராஜு இலைகளை எடுக்கக் குனிந்தான்.

"உன்னத்தான் கேக்கறேன். நீ தின்னியா?"

"நான்... எனக்கு வடை அவ்வளவாப் பிடிக்காது."

வேலுவின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. அவன் வாயிலிருந்ததை இலையிலேயே துப்பினான். கொழுப்பைவிட இந்தப் பதில்தான் எனக்கு அதிகம் குமட்டியது. இன்னதென்று தெரிந்து, தன் வாயை மட்டும் காத்துக்கொண்டு, விரதக்காரனின் முன்னால் பக்தியோடு தட்டை நீட்டியிருக்கிறான்.

"அன்னதானத்துக்கு நீ வராத," என்றான் காளியப்பன். "உன் கை உப்புகூட அங்க வேணாம்."

"இருநூறு பேருக்கு யார்றா பொங்குவா?"

"கரி அள்ளினவனும் எண்ணெய் விட்டவனும் பொங்குவாங்க."

தைப்பூசத்தன்று அப்படித்தான் பொங்கினோம். பெரிய அண்டா என்பது கொதிகலன் மாதிரிதான். நடுவில் சூடும் ஓரத்தில் குளிரும் இருந்தால் கெட்டது. இது எனக்குத் தெரியும். கரண்டி பிடிக்கத்தான் தெரியாது. சாம்பார் அடிப்பிடித்தது. தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த லயத்துச் சனம் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டது.

காளியப்பன் காவடியை இறக்கியதும், வேண்டுதல் நிறைவு என்று பூசாரி மாலையோடு வந்தார். காளியப்பன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"நிறையல சாமி. இது முதல் வருஷம்."

பூசாரி எங்களைப் பார்த்தார். நாங்கள் அடுப்பைப் பார்த்தோம்.

அந்த நேரத்தில்தான் தங்கராஜு மாட்டுவண்டியிலிருந்து ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். பாயசம். வழியில் தளும்பிச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. காளியப்பன் முதுகைத் திருப்பிக்கொண்டு மண்டபத்துக்குள் போய்விட்டான். தங்கராஜு பாத்திரத்தை என்னிடம் நீட்டினான்.

"நெய்தான்டா மணியம். முருகன் மேல சத்தியமா நெய்தான்."

மூடியைத் திறந்து முகர்ந்தேன். எண்ணெய், கொழுப்பு வகைகளோடு பாதி ஆயுளைக் கழித்தவன் நான், ஏமாற மாட்டேன். பசு நெய்தான். கலப்படமில்லாதது. ஏலக்காயும் முந்திரியும் தாராளமாகப் போட்டிருந்தான்.

பாத்திரத்தை ரப்பர் மரத்தடிக்குத் தூக்கிப் போய்க் கவிழ்த்தேன்.