இரண்டாவது வயலின், கடைசி வரிசை

பத்து மாதமாக நான் வயலின் வரைகிறேன். தோக்கியோவில் நெரிமாப் பக்கம் எங்கள் அனிமே கம்பெனி, ஜப்பானியக் கார்ட்டூன் படம் வரைகிற இடம். இப்போது செய்கிற தொடர் ஒரு பள்ளி இசைக்குழுவைப் பற்றியது. நாயகி மியோரி ஒரு வாயில்லாப்பூச்சி. கடைசிப் பகுதியில் துணிந்து தனியாக வாசிப்பாளாம். அந்த ஒரு காட்சிக்கு மட்டும் இருநூற்றுப் பதினாறு படம். என் மணிக்கட்டு போயே போச்சு.

பெற்ற மகள் சுசுனோவும் பள்ளி இசைக்குழுவில் இரண்டாவது வயலின்தான். அவள் வாசித்து நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அடுக்கு வீட்டில் சத்தம் போட முடியாது, பயிற்சி எல்லாம் பள்ளியிலேயே. போன இரண்டு கச்சேரிக்கும் வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றினேன். இது பள்ளியில் மூன்றாவது, கடைசி வருடம். இதோடு குழுவை விட்டு விலகிவிடுவாள்.

"ரெண்டே மணி நேரம் சார்," என்று இயக்குநர் தோகவாவிடம் கேட்டேன்.

"இந்தாம்மா நிஷினா, நாளைக்குப் படத்தைக் கொடுக்கணும். இப்பப் போய்க் கச்சேரியா?"

"தலையே போனாலும் போறேன் சார்."

சிவந்த கண்ணைக் கசக்கிக்கொண்டார். "நாலு மணிக்கு நாற்காலியில இருக்கணும்."

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தூங்கிவிடக் கூடாதே என்று தொடையைக் கிள்ளிக்கொண்டேன். சுசுனோ கடைசி வரிசையில் இருந்தாள். எல்லா வில்லும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. அவளுடையதும் அப்படித்தான், அச்சில் வார்த்த மாதிரி. ஆனால் பத்து மாதம் வரைந்த கண் அல்லவா? அவள் வில் கம்பியில் படவே இல்லை. கம்பிக்கு ஒரு மயிரிழை உயரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அடிப்பாவி! அடுத்த பாட்டிலும் அப்படியே. என் தூக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

முடிந்ததும் வாத்தியங்கள் வைக்கும் அறைக்குப் போனேன். அவள் மட்டும் இருந்தாள்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"உன் வில்லு கம்பியில படவே இல்லையேடி."

முகம் வெளிறிவிட்டது. "டீச்சர்கூடக் கண்டுபிடிச்சதில்லம்மா. ரெண்டு வருஷமா இப்படித்தான்."

"ஏன்டி?"

"நான் தப்பா வாசிச்சா எல்லாருக்கும் கெட்டுப்போகும். சும்மா அசைச்சா யாருக்கும் தொந்தரவு இல்ல." தலையைக் குனிந்துகொண்டாள். "போன ரெண்டு தடவையும் நீ வரலன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

நான் வராத குற்றத்துக்காக இரண்டு வருடம் உருகியிருக்கிறேன். இவளோ நான் வந்துவிடக் கூடாதே என்று பயந்திருக்கிறாள்.

கைப்பேசி துடித்தது. தோகவா. அணைத்துப் பையில் போட்டுவிட்டு, அங்கிருந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். "எடுடி. எனக்கு மட்டும் வாசி."

"கேக்க நல்லா இருக்காதும்மா."

"இருக்க வேணாம்."

வாசித்தாள். சகிக்கவில்லை. கதவுக் கீல் கத்துவது போலிருந்தது. பாதியில் நிறுத்தி, "மன்னிச்சிரும்மா," என்றாள்.

"யாரு நிறுத்தச் சொன்னா? மேலே வாசி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வில்லை வைத்தாள், இந்தத் தடவை அழுத்தி. மணி நாலேகால் ஆகியிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.