ஜெருஷாவின் நீலக் கவுன்

வியாழக்கிழமை கல்யாணம். அந்த நாள் தவறினால் பாதிரியார் வெளியூர் போய்விடுவார். அறுவடைக்குப் பிறகுதான் திரும்புவார். எங்கள் மேல் வரி போட்ட இங்கிலாந்தின் துணியைத் தொடுவதில்லை என்று எங்கள் கனெக்டிகட் கிராமத்துப் பெண்கள் முடிவெடுத்தபோது முதலில் கை தூக்கியவள் ஜெருஷா. தானே நூற்று நெய்த கம்பளித் துணியை நீலச் சாயத்தில் முக்கி, அதில் தைத்த கவுனில்தான் மணமேடை ஏறுவேன் என்று ஊரறியச் சொல்லியிருந்தாள்.

திங்கள் காலை அவள் துணியை நனைக்க ஓடைக்குப் போயிருந்த நேரத்தில், மாப்பிள்ளை அசரியா உதவிக்கு வந்தான். பீப்பாய் செய்வதில் கெட்டிக்காரன். ஆனால் பெண்கள் இல்லாத வீட்டில், பாதிக் காலம் திமிங்கில வேட்டைக் கப்பலில் வளர்ந்தவன். அடுப்போரம் இருந்த பானையைத் திறந்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு பன்றிப் பட்டிக்குப் பின்னால் கொட்டினான். மணல் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தான்.

ஜெருஷா திரும்பி வந்து பானை எங்கே என்று கேட்டாள்.

"கழுவிட்டேன். உங்கப்பாவுக்கு வயசாயிடுச்சுதான். அதுக்காக அதை மூடி போட்டு அடுப்புப் பக்கத்துலயா வைக்கிறது?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நீலம் தரும் அவுரியைப் பழைய சிறுநீரில் கரைத்து, கதகதப்பு குறையாமல் பத்து நாள் காத்த சாயம் அது. வீட்டில் வேறு அவுரியும் இல்லை.

பிறகு எழுந்து ஒரு கரண்டியை அவன் கையில் கொடுத்தாள். "எல்லா வீட்டு அடுப்போரத்துலயும் இதே மாதிரி ஒரு சாயப் பானை இருக்கு. வீட்டுக்கு ரெண்டு கரண்டி கேட்டு வாங்கிட்டு வா. இல்லன்னா அறுவடை வரைக்கும் காத்திரு."

இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு அவன் கிளம்பினான். பக்கத்து வீட்டு டாமரிஸ் வாசலிலேயே மறித்தாள்.

"கல்யாணத்துக்குக் கூப்பிட வர்ற மாப்பிள்ளையப் பாத்திருக்கேன். மூத்திரம் கேட்டு வர்ற மாப்பிள்ளைய இப்பதான் பாக்குறேன்."

சிரித்துக்கொண்டே இரண்டுக்கு மூன்று கரண்டியாக ஊற்றினாள். கொல்லன் மனைவியோ, நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் தருவேன் என்றாள். சொன்னதும் கணவனை அழைத்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். மதியத்துக்குள் வாளிகள் நிறைந்தன. தெரு நாய்களெல்லாம் அவன் பின்னால் வந்தன.

சாயத்தைச் சூடாக்கித் துணியை முக்கினார்கள். அசரியா கையை விட்டே பிசைந்தான். வெளியே எடுத்தால் துணி மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. அவன் முகம் வெளுத்தது.

"பச்சையும் உனக்கு நல்லாத்தான் இருக்கும்," என்றான் மெதுவாக.

ஜெருஷா துணியை உதறி வேலியில் விரித்தாள். காற்றுப் பட்டதும் ஓரம் நீலமானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவிலும் பரவியது. அசரியா வேலியை இரண்டு முறை சுற்றி வந்தான்.

"எனக்குத் தெரியாதது இன்னும் எவ்வளவு இருக்கு?"

"கல்யாணம் முடியட்டும், சொல்றேன்."

இரண்டு நாளில் ஜெருஷா கவுனைத் தைத்து முடித்தாள். வியாழனன்று பாதிரியார் இருவர் கைகளையும் சேர்த்து வைத்தார். நான்கு கைகளும் நீலமாக இருந்தன, அவர் கண்டுகொள்ளவில்லை. விருந்தில் பெண்கள் கவுனைப் பங்கு போட ஆரம்பித்தார்கள். பாவாடை தன் வீட்டுச் சாயம் என்றாள் கொல்லன் மனைவி. டாமரிஸ் விடவில்லை.

"கழுத்துப் பட்டி மட்டும் எவ்வளவு அழுத்தமா பிடிச்சிருக்கு பாத்தீங்களா? அது எங்க வீட்டுக்காரரோடது."