இளவழகனின் பக்கத்தை யார் பார்க்கிறார்கள்?

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. பாதி வெற்றிச்செல்வனுடையது, பாதி என்னுடையது. என் பாதியைக் கேட்காதீர்கள்.

முதல் தொடக்கம்: ‘விழுப்புரம் ரயில் நிலையத்தில் மழை விடாமல்...’ வேண்டாம். மழையே பெய்யவில்லை.

இரண்டாவது: 2011. விழுப்புரத்தில் கடைகளுக்கு இணையதளம் செய்து தருபவன் வெற்றிச்செல்வன். வாடிக்கையாளர்களின் தளங்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கக் கணினியில் தானே ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி வைத்திருந்தான். அது அவ்வப்போது ஒவ்வொரு தளத்தையும் திறந்து பார்க்கும். திறக்காவிட்டால் அவனுக்கு எஸ்எம்எஸ் வரும். இது இருக்கட்டும்.

2

அவனோடு படித்த இளவழகன் திண்டிவனத்தில் அதே தொழிலைத் தொடங்கினான். வெற்றிக்கு வயிறு எரிந்தது. இளவழகனின் தளத்தையும் ஸ்கிரிப்ட்டில் சேர்த்தான். மற்றவற்றை மணிக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இதை மட்டும் சில விநாடிகளுக்கு ஒருமுறை. அது திறக்காமல் படுத்த உடனே ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் அவனுக்கு.

(இவ்வளவு அற்பனா இவன் என்று எனக்கே சந்தேகம். கொஞ்சம் நல்லவனாக்கலாமே என்று அவன் மனைவி அம்பிகாவைக் கொண்டுவந்தேன். அவள் சொன்னது: “கட்டின பொண்டாட்டியக்கூட நீங்க இப்படிப் பார்த்துக்கினு இருந்ததில்ல.”)

தளம் படுக்கவே இல்லை.

3

செஞ்சிப் பக்கத்து மல்லாட்டை (நிலக்கடலை) வியாபாரி ஆதிநாதன் பெரிய தளமாகக் கேட்டிருந்தார். மாதக்கணக்கில் வேலை வராத வெற்றிக்கு அது கிடைத்தால்தான் கடை நிற்கும். அவர் போன் செய்தார்.

“தப்பா நெனைக்காதீங்க தம்பி. திண்டிவனத்துத் தம்பிக்கே குடுத்துடலாம்னு பார்க்கறேன். எத்தினி பேரு பார்த்தாங்கன்னு அவரு பக்கத்துல கீழ ஒரு நம்பர் இருக்குதே, பார்க்கப் பார்க்க ஏறிக்கினே போவுது. உங்களுது அப்படியே நிக்குது. வெள்ளிக்கிழம இன்னொரு தபா பார்த்துட்டு முடிவு சொல்றேன்.”

அந்தக் காலத்தில் எல்லாத் தளங்களிலும் அந்த எண் இருக்கும். யார் திறந்தாலும் ஒன்று கூடும். திறப்பது மனிதனா ஸ்கிரிப்ட்டா என்று அதற்குத் தெரியாது. தன் கடைத் தளத்தை வெற்றி ஸ்கிரிப்ட்டில் சேர்த்ததே இல்லை.

அவனுக்குப் புரிந்தது. இளவழகனின் பக்கத்துக்கு வந்த கூட்டமெல்லாம் அவன் ஒருவன்தான்.

4

முடிவு ஒன்று: ஆதிநாதனிடம் உண்மையைச் சொல்கிறான். (எழுதிப் பார்த்தேன். அவனுக்கு வாய் வரவில்லை.)

முடிவு இரண்டு: ஸ்கிரிப்ட்டை நிறுத்துகிறான். எண் நின்றுவிடும், வெள்ளிக்கிழமை ஆதிநாதன் இவன் பக்கம் வருவார். இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன், அவனும் நிறுத்தப் போனான். அதற்குள் இளவழகன் போன் செய்துவிட்டான்.

“டேய் வெற்றி, உங்கிட்ட சொல்றதுக்கு என்ன. ஒருத்தரும் வரலடா. கடைய மூடிட்டு மெட்ராஸ் பக்கம் போயிடலாம்னு இருந்தேன். யாருன்னே தெரியல, பகல்ல ராத்திரியில என் பக்கத்தப் பார்த்துக்கினே இருக்காங்க. அந்த நம்பரப் பார்த்துத்தான் தெனமும் கடையத் தொறக்கறேன்.”

“நல்லதுடா” என்றான் வெற்றி.

போனை வைத்தான். நிறுத்தும் விசையின் மேல் விரல் இருக்கிறது. வயிறு இன்னும் எரிகிறது. இளவழகன் மேல் இரக்கம் வந்ததாக எழுதினால் அது பொய். நானாக இருந்தால் அழுத்திவிடுவேன். அதனால் நான் விலகிக்கொள்கிறேன், இனி அது உங்கள் விரல்.