முழு அளவில் ஒரு வீடு

ஜின்ஸியின் வரைபட ஆபீஸ், பரவூர் படகுத்துறைக்குப் போகும் வழியில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மழை நாள். நானும் என் மனைவி வல்சலாவும் ஈரக்குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே உட்கார்ந்தோம். ஊரார் வீடுகளுக்கெல்லாம் சுவர் கட்டியே என் முதுகு வளைந்துபோயிற்று. இப்போதுதான் எங்களுக்கென்று தோடு என்கிற சிறு கால்வாயின் கரையில் மூன்று சென்ட் நிலம். பஞ்சாயத்தில் கொடுக்க வீட்டுப்படம் வேண்டும்.

வல்சலா வரும் வழியிலேயே சொல்லிவிட்டாள். "ஜன்னல் பக்கத்துல என் தையல் மிஷினுக்கு இடம் இருக்கணும். இல்லேன்னா அதை வித்துடறேன். போன மாசம் கல்யாணப் பொண்ணு ஜாக்கெட்டை மோந்து பாத்துட்டு, 'சேச்சி, இது மத்தி வறுத்ததா, அயிலை வறுத்ததா'ன்னு கேட்டா."

வாடகை வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில்தான் அந்தக் கால்மிஷின். தைக்கக் கொடுப்பவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஜின்ஸியின் கம்ப்யூட்டர் திரை முழுக்கக் கறுப்பு. நிலா இல்லாத இரவில் காயலைப் பார்ப்பதுபோல, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

"எந்தக் காகிதத்துல வரையப் போறே மோளே?" என்றேன்.

"காகிதம் கடைசியில சேட்டா. பஞ்சாயத்துக்கு ஏ-த்ரீ தாளு, நூத்துல ஒரு பங்கா சுருக்கிக் குடுத்தாப் போதும். இதுக்குள்ள வீடு முழு அளவுலதான் கெடக்கும். அளவு மீட்டர்னு முதல்ல சொல்லி வெச்சிருக்கேன்."

வாசு ஆசாரி குறித்துக் கொடுத்த எண்களை அவள் தட்டத் தட்ட, இருட்டில் வெள்ளைக் கோடுகள் முளைத்தன. முன்னறை, படுக்கையறை, சமையலறை. மவுஸின் சக்கரத்தை உருட்டினாள், வீடு எங்களை நோக்கி வந்தது. வாசற்படி தாண்டி உள்ளே போய்விட்டதுபோல் இருந்தது எனக்கு. காலடியில் தரை குளிர்ந்தது. படுக்கையறையில் கட்டில் போட்டும் ஒரு ஓணக்கூட்டம் உட்காரலாம்.

"மிஷினை இங்க வைப்பேன்," என்று திரையைத் தொட்டாள் வல்சலா. "துணி வெட்ட மேசை இங்க. சும்மா நிக்க இங்க."

"சும்மா நிக்கவும் இடமா?"

"ஆமா. உங்களுக்கில்ல, எனக்கு."

ஜின்ஸி சிரித்துக்கொண்டே நிலத்தின் எல்லையைப் பச்சைக் கோட்டில் போட்டாள். சிரிப்பு நின்றது. வீட்டின் பாதி, கோட்டைத் தாண்டித் தோட்டுத் தண்ணீரில் நின்றது.

"அய்யோ! சேட்டா, ஆசாரி அளவு கோல்லயா எழுதினாரு?"

"கோல்லதான். ஆசாரி வேற எதுல எழுதுவாரு?"

"நான் மீட்டர்னு நெனச்சு அடிச்சுட்டேன். ஒரு கோலுன்னா முக்கா மீட்டர்கூட இல்ல."

"அப்ப சமையலறையில கொக்கு வந்து நிக்கும்," என்றாள் வல்சலா. குரலில் சிரிப்பு இல்லை.

ஜின்ஸி வீட்டை மொத்தமாகப் பிடித்து, கோல் கணக்குக்குச் சுருக்கினாள். சத்தமே இல்லை. தண்ணீரிலிருந்து மெதுவாகப் பின்வாங்கி, பச்சைக் கோட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டது வீடு. நான் உள்ளேயே இருந்ததுபோல, சுவர்கள் என் தோளை நோக்கி வந்தன.

மிஷினையும் கட்டிலையும் அவற்றின் அளவில் கட்டமாக வரைந்து அறைக்குள் நகர்த்திப் பார்த்தாள். ஜன்னலோரம் மிஷினை வைத்தால் கட்டில் கதவை மறித்தது. கட்டிலைத் திருப்பினால் மிஷின் வெளியே போயிற்று.

"சுவரை வெளிய தள்ளலாமா?" என்றாள் ஜின்ஸி.

"கூடாது மோளே. சுத்தளவு ஆசாரி சாஸ்திரப் பொருத்தம் பாத்து வெச்சது. ஒரு விரல் மாறினாலும் அவரு தச்சுவேலைக்கு வரமாட்டாரு."

வல்சலா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "விடுங்க. வித்துடலாம். வாங்க ஒருத்தி இருக்கா."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு சுவர். என் கையால் நான் கட்டவேண்டிய சுவர்.

"அதை எடுத்துடு."

"எதை?"

"நடுச்சுவரை. அது உள்ளதானே இருக்கு. சுத்தளவு மாறாது."

"அப்புறம் படுக்கையறை எங்க சேட்டா? உங்க மக வந்தா எங்க படுப்பா?"

வல்சலா நிமிர்ந்தாள். "துணித்திரை போட்டுக்கறோம். தைக்க ஆளா இல்ல? மக வந்தா நானும் அவளும் கட்டில்ல. இவரு தரையில கெடப்பாரு, பழக்கம்தான்."

"கேட்டியா மோளே, வீடு இன்னும் கட்டலை, அதுக்குள்ள என்னை எறக்கி விட்டாச்சு."

ஜின்ஸி ஒரு பொத்தானை அமுக்கினாள். எத்தனையோ சுவர்களை நான் இடித்திருக்கிறேன். தூசி அடங்க நேரமாகும். இது இமைப்பதற்குள் போயிற்று. இரண்டு அறையும் ஒன்றானது. கட்டில் மூலைக்குப் போனது. மிஷின் கிழக்கு ஜன்னலடியில் போய் நின்றது. சுற்றிலும் நடக்க வழி இருந்தது.

"தாளுல எடுக்கட்டுமா?" என்றாள் ஜின்ஸி.

"கொஞ்சம் பொறு," என்றாள் வல்சலா. "அப்படியே இருக்கட்டும்."

வெளியே மழை பெய்தது. கறுப்புக்குள் அந்த வீடு முழு அளவில் கிடந்தது. வல்சலாவின் வலது கால் மட்டும் தரையில் மெல்ல மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது.